கேட்டால்தான் சொல்ல வேண்டும்

என் மருமகள் ஓடிப்போனாள் என்று சொல்லாதே. ஓடிப்போகிறவள் மாமியாருக்கு மூட்டுவலி மாத்திரை எந்த டப்பாவில் இருக்கிறது என்று திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டுப் போவாளா? மாடி வீட்டுக்காரியிடம் இதைத்தான் கேட்டேன். அவள் ஈரத் துணியை உதறிக்கொண்டே, "எனக்கென்னம்மா தெரியும், பெட்டியோட போனதைப் பார்த்தேன், பார்த்ததைச் சொன்னேன்" என்றாள்.

பார்த்ததை மட்டும் சொல்லியிருந்தால் நான் ஏன் வாயைத் திறக்கப் போகிறேன்? அவள் பார்த்தது பெட்டியை. மீதியெல்லாம் அவளே வெட்டித் தைத்தது. கீழே கடை வைத்திருக்கிற தையற்காரர் அதற்குப் பித்தானும் வைத்துவிட்டார். புருஷனோடு சண்டையாம், அதனால்தான் வழியனுப்பக்கூட அவன் வரவில்லையாம். ஆபீசில் பணத்தில் கை வைத்துவிட்டாள், துரத்திவிட்டார்கள் என்று இன்னொரு பேச்சு. மாமியார் படுத்தின பாடு என்றும் ஒன்று உலவுகிறதாம். அதை என் முகத்துக்கு நேரே சொல்ல மட்டும் இன்னும் ஒருவருக்கும் வாய் வரவில்லை. வரட்டும், பார்த்துக்கொள்கிறேன்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் நடந்தது தெரியும், வாயும் இருக்கிறது. சொல்கிறேன், நடுவில் திருத்தாமல் எழுது தம்பி, தெருவே படிக்கட்டும்.

என் மருமகளுக்கு வேலை பல்கலைக்கழகத்து ஃபீஸ் ஆபீசில். ஃபீஸ் பாக்கி நிற்கிற பிள்ளைகளின் வீட்டுக்கு ஃபோன் போட்டு, இன்ன தேதிக்குள் கட்டுங்கள் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. தெருவில் அவளுக்கு ஃபோன்காரி என்றே பெயர். வீட்டு வேலைக்கு நடுவில் இடுப்பில் கைவைத்து ஊர்க்கதை பேசுகிறவள் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். காதில் மாட்டுகிற அந்தச் சனியன் அழுத்தி அழுத்தி, உச்சந்தலையில் குறுக்கே ஒரு கோடு முடி தேய்ந்துபோனது. சாயங்காலம் வீட்டுக்குள் வந்தால் கொஞ்ச நேரத்துக்கு அவளிடம் யாரும் பேசக் கூடாது. பேசினாலும் கையால்தான் பதில் வரும். என் மகன் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன், சும்மா இருக்க மாட்டான். "என் பொண்டாட்டி பேசினா பல்கலைக்கழகத்துக்குக் காசு வருது, வீட்ல பேசினா நமக்கு என்ன வரும்" என்பான். அவள் கரண்டியைத் தூக்கிக் காட்டுவாள்.

நாள் பூராவும் திட்டு வாங்குகிற வேலை அது. ஒருத்தர் அழுவார். ஒருத்தர் குரலை மாற்றிக்கொண்டு ராங் நம்பர் என்பார். ஒரு அப்பா, அந்த ஆள் செத்துப்போய் மாசமாகுது என்று தன்னைப் பற்றித் தானே சொல்லியிருக்கிறார். இவளுக்கு அந்தக் குரல் பழக்கம். "ஐயா, நீங்க போனது ரொம்ப வருத்தம். எப்போ கட்டுவீங்க?" என்று கேட்டாளாம். அந்தப் பக்கத்தில் சிரித்துவிட்டாராம் அந்த மனுஷன். சிரித்துவிட்டு அழுதாராம். அதை மட்டும் அவள் எங்களிடம் பிற்பாடுதான் சொன்னாள்.

அந்த ஆபீசில் ஒரு சட்டம் உண்டு. ஃபீஸைத் தவணையாகக் கட்டலாம். கஷ்டப்படுகிற வீடாக இருந்தால் மனுப் போட்டுக் கொஞ்சம் குறைக்கச் சொல்லலாம். இரண்டும் இருக்கிறது. ஆனால் ஃபோன் போடுகிறவர்கள் அதைத் தாங்களாகச் சொல்லிவிடக் கூடாது. அந்தப் பக்கத்திலிருந்து கேட்டால்தான் சொல்ல வேண்டும்.

"இது என்னடி நியாயம்? இருக்கிறதைச் சொன்னா என்ன?" என்றேன்.

"எல்லார்கிட்டயும் சொன்னா எல்லாரும் கேப்பாங்க, அத்தை. அப்புறம் ஆபீஸ் எப்படி நடக்கும்னு சொல்றாங்க."

"நீ என்ன செய்யுற?"

"பேசாம இருக்கேன்."

நிஜமாகவே அதுதான் அவள் வேலை செய்கிற விதம். தொகையைச் சொல்வாள், தேதியைச் சொல்வாள், "வேற ஏதாவது கேக்கணுமா?" என்பாள். பிறகு வாயை மூடிக்கொள்வாள். ஃபோனில் ஒரு ஆள் பேசாமல் இருந்தால் இன்னொரு ஆளால் சும்மா இருக்க முடியாது. கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் கேட்கும். பிறகு, "வேற வழியே இல்லையாம்மா?" என்று வரும். அது போதும் அவளுக்கு. கேட்டுவிட்டார்கள் அல்லவா, மடமடவென்று எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள். சில பேர் கல் மாதிரி இருப்பார்களாம், கௌரவம். "நல்லா யோசிச்சுக் கேளுங்க" என்று இன்னொரு தரம் தட்டிப் பார்ப்பாள். அதற்கும் கேட்காதவர்களை நினைத்துத்தான் வீட்டுக்கு வந்து பேசாமல் உட்கார்ந்திருப்பாள் என்று எனக்குத் தோன்றும்.

ஏன் இப்படி வருஷா வருஷம் ஃபீஸ் ஏறுகிறது என்று ஒரு நாள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே கேட்டேன். அவளோடு உட்கார்ந்து சாப்பிடுகிற கணக்குப் பிரிவுக்காரர் சொன்னதாகச் சொன்னாள். முன்னே அரசாங்கம் பெரிய பங்கு கொடுத்ததாம். அது மெல்ல மெல்ல இளைத்துப்போனது. இளைத்ததை ஃபீஸில் ஏற்றினார்கள். ஃபீஸ் ஏறினதும் பிள்ளைகள் வேறு இடம் பார்க்க ஆரம்பித்தார்கள். அவர்களை இழுக்க வேண்டும் என்று லோன் வாங்கி, கண்ணாடி வைத்த உயரமான கட்டிடம் ஒன்று எழுப்பினார்கள். லோனைக் கட்ட மறுபடியும் ஃபீஸ். நாய் தன் வாலைத் துரத்துகிற மாதிரி எனக்குத் தலை சுற்றிற்று. அந்தக் கட்டிடத்து லிஃப்டையெல்லாம் பார்த்துக்கொள்கிறவன் என் மகன்தான். "அங்க மேல போறது ரெண்டே ரெண்டுதான், லிஃப்டும் ஃபீஸும். லிஃப்டாவது கீழ வரும்" என்றான்.

அவள் சிரிக்கவில்லை. "இன்னொண்ணு சொல்லட்டுமா, அத்தை? போர்டுல எழுதியிருக்கிற ஃபீஸை எல்லாரும் கட்டுறதில்ல. நல்ல மார்க் வாங்கின பிள்ளைங்களைக் குறைச்சுக் கொடுத்துக் கூட்டிட்டு வர்றாங்க. அவங்க வந்தாத்தான் பேர் வரும். பேர் வந்தாத்தான் மத்தவங்க வருவாங்க. விவரம் தெரிஞ்சவங்க பேசி வாங்கிக்கிறாங்க."

"அப்போ முழுசா யார்தான் கட்டுறது?"

"கேக்கத் தெரியாதவங்க."

நான் பீன்ஸை நறுக்கினேன். நம் வீடு அந்த ஜாபிதாவில்தான் வந்திருக்கும், இவள் மட்டும் அங்கே வேலைக்குப் போகாமல் இருந்திருந்தால்.

என் பேத்தி அங்கேதான் படிக்கிறாள், கண் பரிசோதனைப் படிப்பு. ஊழியர்களுடைய பிள்ளை என்றால் பாதி ஃபீஸ். அந்தப் பாதிக்காகத்தான் என் மருமகள் அந்தக் காதுக்கட்டையை மாட்டிக்கொண்டு கிடந்தாள். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்க்க நேரம் குறித்துக் கொடுக்கிற வேலைக்குக் கூப்பிட்டார்கள். சம்பளமும் கூட, திட்டும் கிடையாது. போகவில்லை. "பிள்ளை முடிக்கட்டும்" என்றாள். பேத்தி வீட்டில் என்னை வைத்துத்தான் பழகுவாள். எனக்கு எழுத்து தெரியாது என்பதால், பிள்ளைகளுக்குக் காட்டுகிற அட்டையைச் சுவரில் மாட்டி, அந்தக் குச்சி எந்தப் பக்கம் பார்க்குது, கையைக் காட்டு பாட்டி என்பாள். நான் வேண்டுமென்றே தப்பாகக் காட்டுவேன். "பாட்டி, உனக்குக் கண்ணுல கோளாறு இல்ல, குணத்துலதான்" என்பாள். கடைசி வருஷம் ஒன்றுதான் மிச்சம்.

அப்போதுதான் அந்த மஞ்சள் நாடா வந்தது.

ஒரு மத்தியானம் ஃபோன் பிரிவில் இருக்கிற எல்லோரையும் கூப்பிட்டு, டீயும் பிஸ்கட்டும் கொடுத்திருக்கிறார் சூப்பர்வைசர். பல்கலைக்கழகத்துக்குச் செலவு தாங்கவில்லை, இனி இந்தப் பிரிவை ஒரு கான்ட்ராக்ட் கம்பெனி நடத்தும் என்றாராம். "யாரும் பயப்படாதீங்க. அதே ரூம், அதே ஃபோன், அதே சம்பளம். கார்டு மட்டும்தான் மாறுது." கழுத்தில் நீல நாடா போட்ட கார்டை வாங்கிக்கொண்டு மஞ்சள் நாடா போட்டதைக் கொடுத்தார்கள். அதற்கு ஒரு கையெழுத்து. "கேள்வி இருந்தா கேளுங்க" என்றும் சொன்னாராம் அந்த மகராசன்.

ஒருத்தி லீவைப் பற்றிக் கேட்டாள். ஒருத்தி டீ இடைவேளை குறையுமா என்று கேட்டாள். என் மருமகளுக்கு வெகு நாளாக முதுகுவலி. நாற்காலி மாற்றித் தருவீர்களா என்று கேட்டாள். அடுத்த வாரமே புது நாற்காலி வந்தது. சந்தோஷமாக வந்து சொன்னாள்.

அந்த அறையிலேயே பிள்ளையை அங்கே படிக்க வைக்கிறவள் இவள் ஒருத்திதான். மஞ்சள் நாடாக்காரி பல்கலைக்கழகத்து ஊழியர் இல்லை, கம்பெனி ஆள். கம்பெனி ஆளின் பிள்ளைக்குப் பாதி ஃபீஸ் கிடையாது. அதை யாரும் சொல்லவில்லை. ஊரையெல்லாம் கேளுங்கள் கேளுங்கள் என்று வாயைக் கிளறினவள், தனக்கென்று வந்தபோது நாற்காலியைக் கேட்டாள்.

கம்பெனிக்காரர்கள் புது மெஷின் ஒன்றும் கொண்டுவந்தார்கள். அதுவே நம்பரைப் போடும். மணி அடித்த பிறகுதான் யார் வீடு என்று திரையில் வரும். பேசுவதெல்லாம் பதிவாகும். பேசாமல் கொஞ்ச நேரம் இருந்தால் காதுக்குள் சத்தம் போடும், பேசு பேசு என்று. அவளுடைய கைத்தொழிலே பேசாமல் இருப்பதுதான், அதைப் பிடுங்கிக்கொண்டார்கள். "முன்ன திட்டு வாங்கினாலும் நாலு பேருக்காவது சொன்னோம்னு இருக்கும், அத்தை. இப்போ திட்டு மட்டும்தான் மிச்சம்" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிடுவாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு நாள் காலையில் வீட்டு ஃபோன் அடித்தது. பேத்தி காலேஜில், மகன் வேலையில். நான் எடுத்தேன்.

"வணக்கம். பல்கலைக்கழகக் கட்டணப் பிரிவிலிருந்து பேசறோம். மாணவியோட பெற்றோர் இருக்காங்களா?"

ஆபீசில் பேசுகிற குரலில் அவளை நான் கேட்டதே இல்லை. வேறு யாரோ என்றுதான் நினைத்தேன். "பெத்தவ உங்க ஆபீஸ்லதான் இருக்கா. பக்கத்து நாற்காலியில இருப்பா, கூப்பிட்டுக் கேட்டுக்கோ" என்றேன்.

அந்தப் பக்கம் ஒன்றும் பேசவில்லை. ஃபோனுக்குள் எங்கேயோ கீச்சென்று ஒரு சத்தம் கேட்டது. பிறகு அதே குரல், முழு ஃபீஸ் எவ்வளவு, எந்தத் தேதி என்று ஒப்பித்தது. ஒப்பித்து முடித்து, "வேற ஏதாவது கேக்கணுமா?" என்று நிறுத்தியது. அந்த நிறுத்தத்தில்தான் எனக்கு ஆளைத் தெரிந்தது. மறுபடியும் கீச்.

பதிவாகிறது என்று எனக்குத் தெரியும், அதனால் பேரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. "வேற வழி ஏதும் உண்டாம்மா?" என்றேன்.

"ஊழியர் சலுகை நிறுத்தின கணக்குக்குத் தவணை கிடையாதும்மா. மனுவும் எடுக்க மாட்டாங்க. தேதிக்குள்ள முழுசா கட்டலைன்னா மாணவியோட பேரை எடுத்துடுவாங்க."

"நீ சாப்டியா?"

"உங்க நேரத்துக்கு நன்றி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அன்றைக்குச் சாயங்காலம் செருப்பைக் கழற்றாமல் கூடத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். மகன் டபுள் ஷிஃப்ட் பார்க்கிறேன் என்றான். இருக்கிற ஷிஃப்டுக்கே ஆள் குறைக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். பேத்தி, "நான் நிறுத்திக்கறேம்மா. கண்ணாடிக் கடையில கேட்டா வேலை கொடுப்பாங்க" என்றாள்.

"கடையில கண்ணாடி தொடைக்கவா நான் இத்தனை வருஷம் ஊரான்கிட்ட திட்டு வாங்கினேன்?" என்றாள் இவள். சத்தம் போடவில்லை. களைத்துப்போன குரலில்தான் சொன்னாள். பேத்தி எழுந்து அறைக்குள் போய்விட்டாள்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு ஊழியர் பிரிவுக்குப் போய் உட்கார்ந்தாள். இந்தத் தரம் எல்லாவற்றையும் கேட்டாள். பழைய கார்டைத் திருப்பித் தருவார்களா? மாட்டார்கள். துப்புரவு வேலையாவது, தோட்ட வேலையாவது உண்டா? அதெல்லாம் எப்போதோ கான்ட்ராக்டுக்குப் போயாகிவிட்டது. லைப்ரரியில்? ஆளே எடுக்கவில்லை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த கிளார்க்கின் டீ ஆறிப்போகிற வரைக்கும் கேட்டிருக்கிறாள். அவருக்கும் வெறுத்துப்போய், "இங்கயே இருக்கணும்னு இல்லம்மா. நம்மளும் வேற சில பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒப்பந்தம் வெச்சிருக்கு. அங்க நிரந்தர வேலையில இருக்கிறவங்க பிள்ளை இங்க படிச்சாலும் பாதி ஃபீஸ்தான்" என்றாராம்.

"இதை ஏன் சார் முன்னாடியே யாரும் சொல்லல?"

"நீங்க கேக்கலியேம்மா."

இதை எங்களிடம் சொல்லும்போது சிரித்தாள். சிரிப்பா அது என்று கேட்காதீர்கள், வாய் அப்படித்தான் போயிற்று.

அந்த ஒப்பந்தத்தில் இருந்த பல்கலைக்கழகங்களில் ஒரே ஒரு இடத்தில்தான் வேலை காலி இருந்தது. பஸ்ஸில் ஒரு பகல் முழுக்கப் போக வேண்டிய ஊர். பெண்கள் ஹாஸ்டலில் வார்டன் வேலை. அங்கேயே தங்க வேண்டும், ஹாஸ்டல் மூடுகிற விடுமுறைக்குத்தான் வீட்டுக்கு வரலாம். போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். ஃபோனில் கோபக்காரர்களைச் சமாளித்தேன் என்று சொன்னதும், பிள்ளைகளையும் சமாளிப்பாய் என்று எடுத்துக்கொண்டார்களாம்.

மகனுக்கு இஷ்டமில்லை. "பொண்டாட்டியைத் தனியா வெளியூருக்கு அனுப்பிட்டு நான் இங்க உக்காந்திருந்தா ஊர் என்ன பேசும்?" என்றான்.

"ஊர் ஃபீஸ் கட்டுமாடா?" என்று கேட்டேன். எனக்கும் இஷ்டமில்லைதான். இன்றைக்கும் இல்லை. குடும்பம் ஒரு இடத்தில் இருக்க வேண்டும் என்கிறவள் நான், அதை மாற்றிக்கொள்ளப் போவதில்லை. ஆனால் வேறு வழி ஒருத்தர் வாயிலிருந்தும் வரவில்லையே.

பேத்திதான் முறைத்துக்கொண்டு திரிந்தாள். "உன்னை வித்து நான் படிக்கணுமாம்மா?"

"விக்கல. இடம் மாறி உக்காரப் போறேன். இங்க இருந்தா மட்டும் என்ன, சாயங்காலம் உன்கிட்ட நாலு வார்த்தை பேசவா செய்யறேன்?"

ஆனாலும் பேத்தி காலேஜுக்குப் போவதை நிறுத்தினாள். சாப்பிட்டாள், தூங்கினாள், புத்தகத்தைத் தொடவில்லை. நான் போக மாட்டேன், நீயும் போகாதே என்கிற பிடிவாதம். என் வயிற்றுப் பிள்ளையின் பிள்ளை, வேறு எப்படி இருக்கும்? மருமகள் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அங்கே சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் இங்கே பாதி ஃபீஸ் கணக்கில் ஏறும். இங்கே பேரை எடுக்கிற தேதி கிட்டே வந்துகொண்டிருந்தது.

கிளம்புகிற நாளும் வந்தது. மகன் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் கொண்டுபோய் விடுவதாக இருந்தான். விடிந்ததும் ஃபோன், எங்கேயோ லிஃப்டில் ஆட்கள் மாட்டிக்கொண்டார்கள் என்று. சட்டையைப் போட்டுக்கொண்டே அவளிடம் ஏதோ சொல்ல வந்தான். "சீக்கிரம் போங்க, உள்ள யாருக்காவது மூச்சு முட்டப் போகுது" என்று அவள்தான் தள்ளாத குறையாக அனுப்பினாள். புருஷன் வழியனுப்ப வராத கதை இதுதான். தையற்காரருக்கும் யாராவது படித்துக் காட்டுங்கள்.

அன்றைக்குப் பேத்திக்கு ஆஸ்பத்திரியில் பயிற்சி, நோயாளிகளைத் தொட்டுப் பார்க்கிற நாள். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தாள். மருமகள் பெட்டியைக் கொண்டுவந்து கூடத்தின் நடுவில் வைத்தாள். அதன் மேலேயே உட்கார்ந்தாள்.

"பஸ் போய்டும்டி" என்றேன்.

"போகட்டும், அத்தை. அடுத்த பஸ் இருக்கு. அவ கிளாஸுக்குக் கிளம்பாம நான் போய் என்ன பண்ண? யாருக்காகப் போகணும்?"

உள்ளே கேட்கிற மாதிரிதான் சொன்னாள். பிறகு வாயை மூடிக்கொண்டாள். வெளியே தண்ணீர் லாரி வந்துபோன சத்தம் கேட்டது. மாடியில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. குழாய் திறக்கிற சத்தம் வந்தது.

பேத்தி வெள்ளைக் கோட்டைக் கையில் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தாள். முகம் வீங்கியிருந்தது. அம்மாவைப் பார்க்காமல் செருப்பை மாட்டினாள். "வந்துடுறேன்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். கதவுவரை போனவள் திரும்பி வந்து, அம்மாவின் தலையில் அந்த முடி தேய்ந்த கோட்டைக் கையால் ஒரு தரம் தடவிவிட்டு, படி இறங்கிப் போய்விட்டாள்.

மருமகள் ஜன்னல் பக்கம் போய், தெரு திரும்புகிற வரைக்கும் பார்த்தாள். பிறகு பெட்டியைத் தூக்கினாள். ஒரு சக்கரம் ஓடாது, அதனால் தூக்கித்தான் போக வேண்டும்.

"பிள்ளை போய்ட்டா, அத்தை. நானும் கிளம்பறேன்" என்றாள். சொல்லிவிட்டு வாசலைத் தாண்டி இறங்கினாள்.